லலிதாஜியின் கணக்கு

அன்புள்ள ஐயா,

தூர்தர்ஷன் காலத்து விளம்பரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சர்ஃப் விளம்பரத்தில் வரும் லலிதாஜியை மிகவும் மதித்து எழுதியிருந்தீர்கள். யூடியூபில் தேடிப் பார்த்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் எல்லார் சட்டையும் வெள்ளையாக இருக்க வேண்டிய பொறுப்பு மனைவிக்குத்தான் என்பதை அந்த விளம்பரம் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அப்பா இன்றுவரை துணி ஊறவைத்த பக்கெட் பக்கம் போனதில்லை. இந்த மாதிரி விளம்பரங்களும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பழையது என்பதாலேயே அதற்குக் கூடுதலாக மார்க் போடுகிறோமா? நான் இதழியல் படிக்கிறேன். செமினாரில் இதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். உங்கள் பதில் உதவியாக இருக்கும்.

ச.,
திண்டுக்கல்

அன்புள்ள ச.,

துணி துவைப்பது யார் வேலை என்ற கேள்வி அந்த விளம்பரத்தில் எழவே இல்லை. அது சரி. ஆனால் அதற்காக லலிதாஜியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் எதற்காகத் திரைக்கு வந்தார் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சர்ஃப் இந்தியாவுக்கு வந்தது 1959-இல். பார் சோப்பை வெட்டி வைத்துத் துணியில் தேய்த்துக்கொண்டிருந்த வீடுகளுக்குப் பவுடர் என்பது வசதி உள்ளவர்கள் விஷயம். பத்து வருடம் கழித்து, 1969-இல், குஜராத் அரசின் நிலவியல், சுரங்கத் துறையில் வேலை பார்த்த கர்சன்பாய் படேல் வீட்டின் பின்புறத்தில் பவுடர் தயாரித்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்க ஆரம்பித்தார். கிலோ சுமார் 3 ரூபாய். சர்ஃப் அதைப்போல நான்கு மடங்கு விலை. மகள் நிருபமாவை நினைத்து அதற்கு நிர்மா என்று பெயர் வைத்தார். முதலில் வானொலியில் ஒலித்த நிர்மா விளம்பரப் பாட்டு 80-களில் தொலைக்காட்சிக்கு வந்தது. வெள்ளை கவுன் போட்ட சிறுமி சுற்றிச் சுற்றி ஆடுவாள்.

அன்றைக்கு நாடு முழுவதும் பார்த்தது ஒரே சேனலைத்தான். சென்னையில் நிலையம் 1975-லேயே வந்துவிட்டது என்றாலும், உங்கள் பக்கத்தில் பல ஊர்களுக்குத் தூர்தர்ஷன் தெளிவாகக் கிடைத்தது கொடைக்கானலில் கோபுரம் எழுந்த பிறகுதான். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத பிள்ளைகள் ‘ஹேமா, ரேகா, ஜயா ஔர் சுஷ்மா’ என்று தெருவில் பாடிக்கொண்டு போவார்கள். பாட்டைக் கேட்டவர்கள் கடைக்குப் போனார்கள். அங்கே விலையும் கைக்கு எட்டியது. 80-களின் நடுவில் விற்பனை அளவில் நிர்மா சர்ஃபை முந்திவிட்டது.

இந்த நெருக்கடியில்தான் லலிதாஜி பிறந்தார். உருவாக்கியது லிண்டாஸ் விளம்பர நிறுவனம், அதன் தலைமையில் இருந்தவர் அலிக் பதம்ஸி. காய்கறி வாங்கும்போது கறாராகப் பேரம் பேசும் தன் அம்மாவை நினைத்தே இந்தப் பாத்திரத்தை அமைத்ததாகப் பதம்ஸி சொல்லியிருக்கிறார்.

மறுபடி ஒருமுறை பாருங்கள். நீல பார்டர் போட்ட வெள்ளைப் புடவையில் ஒரு பெண் காய்கறிக்காரரிடம் விலை பேசுகிறார். இவ்வளவு கணக்குப் பார்க்கிறவர் விலை கூடிய சர்ஃபை ஏன் வாங்குகிறார் என்று கேட்கிறார்கள். அவர் அசரவில்லை. மலிவான சரக்குக்கும் நல்ல சரக்குக்கும் வித்தியாசம் உண்டு, அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவுப் பவுடருக்குச் சமம் என்று கணக்குச் சொல்கிறார். சர்ஃபை வாங்குவதில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது என்று முடிக்கிறார்.

விலையைக் குறைக்க விரும்பாத ஒரு பெரிய நிறுவனம் தன் விலையை நியாயப்படுத்த எழுதிய வசனம் இது. அதை மறந்து பேசக்கூடாது. அந்த நிறுவனமே, பேச்சு மட்டும் போதாது என்று 1987-இல் நிர்மாவுக்குப் போட்டியாக மலிவு விலையில் வீல் பவுடரை இறக்கியது. உங்கள் செமினாரில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வீலை விட்டுவிட்டு லலிதாஜியை மட்டும் பேசினால், ஒரு விளம்பரமே சந்தையை மீட்டுவிட்டது என்ற கதை ஆகிவிடும்.

ஆனால் அந்த வசனம் யார் வாயில் வைக்கப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தக் காலத்து விளம்பரங்களில் பெண்கள் பெரும்பாலும் ஆடினார்கள், சிரித்தார்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் துணியைப் பார்த்துப் பொருமினார்கள். அவன் சட்டை என் சட்டையைவிட எப்படி வெள்ளை என்று கேட்ட ரின் விளம்பரம் அந்தப் பொருமலைத்தான் விற்றது. லலிதாஜி யாரையும் பார்த்துப் பொறாமைப்படவில்லை. நிபுணர் யாரும் வந்து அவருக்குச் சொல்லித்தரவில்லை. வீட்டுச் செலவைக் கட்டிக் காக்கிறவர் நின்ற இடத்தில் கணக்குப் போட்டு, கேட்டவருக்கு விளக்கம் சொன்னார். மாதக் கடைசியில் அஞ்சறைப்பெட்டிக்குள் சில்லறையைத் தேடிய எங்கள் அம்மாக்களின் மூளையை அதற்கு முன் எந்த விளம்பரமும் இவ்வளவு நேராகப் பார்த்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. எங்கள் தெருவில் கறாராகப் பேரம் பேசுகிற அக்காவுக்கு லலிதாஜி என்றே பெயர் விழுந்தது. கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள், ஆனால் அந்த அக்காவிடம் யாரும் எடையில் கை வைக்கத் துணியவில்லை.

அப்புறம் நடித்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவிதா சௌத்ரி. 1989-இல் தூர்தர்ஷனில் ‘உடான்’ என்ற தொடர் வந்தது. கல்யாணி சிங் என்ற பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஆகும் கதை. அதை எழுதி, இயக்கி, கல்யாணியாக நடித்ததும் இவர்தான். கதைக்கு வேர் அவருடைய அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கை. காஞ்சன் 2004-இல் உத்தராகண்டில் பதவியேற்று, ஒரு மாநிலத்தின் டி.ஜி.பி. ஆன முதல் பெண் என்ற பெயர் பெற்றார். துணி பவுடருக்காகக் கேமராவைப் பார்த்து வாதாடிய முகமும், சில வருடங்களில் காக்கிச் சட்டையில் வந்த முகமும் ஒன்றே. 2020 ஊரடங்கில் ‘உடான்’ மறுபடி ஒளிபரப்பானது. கவிதா 2024 பிப்ரவரியில் காலமானார். அஞ்சலிகள் பலவும் லலிதாஜி, கல்யாணி என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொன்னதைப் பார்த்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. உங்களால் முடிந்தால் அந்தத் தொடரின் சில பகுதிகளையாவது பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இனி உங்கள் அப்பா விஷயம். விளம்பரம் அவரை அப்படி ஆக்கியது என்று நான் நினைக்கவில்லை. லலிதாஜி வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஆண்கள் துவைக்கிற கல்லிலிருந்து விலகியிருந்தார்கள். விளம்பரம் அந்த வழக்கத்தைப் புதிதாகக் கற்பிக்கவில்லை, ஆனால் அதை ஒவ்வொரு இரவும் சாதாரணமாக்கியது. அந்தப் பழியை அது ஏற்கத்தான் வேண்டும். அதை உடைக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாருங்கள்.

2005-இல் சர்ஃப் எக்செல் ‘கறை நல்லது’ என்று வந்தது. சேற்றில் விழுந்த தங்கைக்காக அந்தச் சேற்றோடு சண்டை போடுகிற அண்ணனை மறக்க முடியாது. ஆனாலும் கறையை மன்னிக்கிறவள் அம்மா, துவைக்கிறவளும் அம்மா. 2015-இல்தான் ஏரியல், துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று வாய்விட்டுக் கேட்டது. அடுத்த ஆண்டு வந்த படத்தில், மகள் வீட்டுக்கு வந்த ஒரு வயதான அப்பா, ஆபீஸ் போன் பேசிக்கொண்டே சமையல், துணி, குழந்தை என்று ஓடும் மகளைப் பார்க்கிறார். உனக்கு நான் எந்த நல்ல உதாரணத்தையும் காட்டவில்லையே என்று கடிதம் எழுதிவைத்துவிட்டு ஊர் திரும்பி, தன் வீட்டு வாஷிங் மெஷினில் துணி போடப் போகிறார். அது உலகம் முழுக்கப் பகிரப்பட்டது. அதுவும் பவுடர் விற்கத்தான் எடுக்கப்பட்டது, ஆனால் அதைப் பார்த்துக் கண் கலங்கியதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

2019-இல் வந்த சர்ஃப் எக்செல் விளம்பரத்தை விட்டுவிடாதீர்கள். ஹோலி அன்று, வெள்ளை உடையில் தொழுகைக்குப் போக வேண்டிய முஸ்லிம் சிறுவன் மேல் சாயம் படக்கூடாது என்று, ஒரு சிறுமி தெருவில் இருக்கும் அத்தனை வண்ணத்தையும் தன்மேல் வாங்கிக்கொண்டு, அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறாள். அந்த விளம்பரத்துக்குக் கிளம்பிய எதிர்ப்பில் பவுடரைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். சிலர் பெயரைக் குழப்பிக்கொண்டு மைக்ரோசாஃப்ட் எக்செல் செயலிக்கு மோசமான மதிப்பெண் போட்டார்கள். அந்தக் குழந்தைகளிடம் கோபப்பட என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

செமினாருக்கு என் யோசனை இது. பல பொருள்களுக்குப் போகாதீர்கள். துணி வெளுக்கும் சரக்குகளின் விளம்பரங்களை மட்டும் வருட வரிசையில் அடுக்குங்கள். தமிழில் வந்தவற்றையும் சேருங்கள், ‘சொட்டு நீலம் டோய், ரீகல் சொட்டு நீலம் டோய்’ என்று பாடிய விளம்பரம் உட்பட. ஒவ்வொன்றிலும் யார் துவைக்கிறார், யார் விலையைப் பற்றிப் பேசுகிறார், யார் யாருக்கு விளக்கம் சொல்கிறார் என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியில் உங்கள் கோபம் நியாயம் என்று தெரியும். மற்ற இரண்டில் லலிதாஜிக்கு நான் ஏன் மதிப்புக் கொடுக்கிறேன் என்று தெரியலாம். தெரியாவிட்டால் மறுபடி எழுதுங்கள், நான் பதில் சொல்கிறேன்.

அன்புடன்.