பேச முடியாதவர்கள் கூடி என்ன செய்வார்கள்?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கை, கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் சிக்கல். அஃபேசியா என்றார்கள். 'தண்ணீர்' கேட்க நினைத்து 'கதவு' என்கிறார், அப்புறம் கோபப்படுகிறார். நண்பர்கள் வந்தால் அறைக்குள் போய்விடுகிறார். இதே பாதிப்பு உள்ளவர்கள் கூடும் குழுவுக்கு அனுப்பச் சொல்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். பேச முடியாத நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து என்ன பயன்? மற்றவர்களைப் பார்த்து இன்னும் உடைந்துவிட மாட்டாரா?

பதில்: அழைத்துப் போங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா வருகிறது. மூளையில் மொழியைக் கையாளும் பகுதி, பெரும்பாலானோருக்கு இடப்பக்கம், அடிபடுவதால் வருவது இது. உங்கள் கணவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், அதற்கான சொல்தான் அகப்படுவதில்லை. நண்பர்களுக்கு இது புரியாது. காது கேட்காதவரிடம் பேசுவது போலச் சத்தம் போடுவார்கள். இல்லையென்றால் அவர் எதிரிலேயே உங்களிடம் "இப்ப எப்படி இருக்கார்?" என்று விசாரிப்பார்கள். அறைக்குள் போகாமல் என்ன செய்வார்?

குழுவில் அந்தச் சங்கடம் இல்லை. ஒருவர் தன் பேத்தியின் பெயரைச் சொல்ல இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். வீட்டில் பத்து நொடிக்குள் நாம் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், அன்பினால்தான். அங்கே வரைந்து காட்டலாம், போனில் இருக்கும் படத்தைக் காட்டலாம், விரலால் எண்ணிக் காட்டலாம். தப்பான சொல் வந்துவிட்டால் சிரிப்பார்கள், அவர்களுக்கும் அதே வாய்தானே! மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்த ஒருவர் தடுமாறித் தடுமாறித் தன் கதையைச் சொல்லும்போது, 'இன்னும் முன்னேறலாம்' என்பது உங்கள் கணவருக்குப் புரியும். அதையே நான் சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும். வேகமான முன்னேற்றம் முதல் சில மாதங்களில் இருந்தாலும், வருடங்கள் கழித்தும் பேச்சு மேம்படுவதுண்டு.

ஆனால் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம், குழு அதற்கு மாற்றாகாது. பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதே அவருக்குக் கடினம் என்றால், பலர் பேசும் இடம் களைப்பைத்தான் தரும். அப்படியானால் குழுவிலிருந்து ஒருவரை மட்டும் முதலில் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அருகில் குழுவே இல்லாவிட்டாலும், பயிற்சியாளர் வழியாக, இருதரப்பும் சம்மதித்தால், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து இரண்டு பேராக ஆரம்பிக்கலாம்.

முதல் நாள் அவர் பேசவே தேவையில்லை, சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும். போகலாமா வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள். 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் மாறி வருவது இதில் சகஜம். அதனால் தாளில் இரண்டையும் எழுதித் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தலையசைப்பையும் சேர்த்துக் கவனியுங்கள். அங்கே போனபின் அவருக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். இது கஷ்டம், தெரியும். சில குழுக்களில் குடும்பத்தாரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுகிறார்கள். அது இருந்தால் விடாதீர்கள், எட்டு மாதமாக நீங்களும் இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் குழுவை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தூக்கமில்லை, சாப்பாடு வேண்டாம், எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின் அது அடிக்கடி வருவதுதான், சிகிச்சையும் உண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். இருக்கிற பேச்சும் திடீரென மோசமானாலோ, முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.