பத்துப் பூங்காவா, பதினேழு இரவா?

கேள்வி: நாங்கள் அரிசோனாவில் ஃபீனிக்ஸில் வசிக்கிறோம். ஜூலை மாதம் 18 நாள் விடுப்பு எடுத்து, காரிலேயே தேசியப் பூங்காக்களைச் சுற்றி, இரவில் டென்ட் போட்டுத் தங்க ஆசை. கிராண்ட் கேன்யன், ஸயான், பிரைஸ், கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், ராக்கி மவுண்டன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர் என்று பத்துப் பூங்காக்களை என் கணவர் எழுதி வைத்திருக்கிறார். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு 5 வயது. எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 64 வயது. யாரும் இதுவரை டென்டில் தூங்கியதில்லை. எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதல் வேலையாக அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். உங்கள் கணவருக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் அடியுங்கள். எண்ண வேண்டியது பூங்காக்களை இல்லை, இரவுகளை. உங்களிடம் இருப்பது 17 இரவு. ஓர் இடத்தில் டென்டைப் பிரித்து, படுக்கைகளைச் சுருட்டி, காரில் அடைத்து, இன்னோர் இடத்தில் இறக்கிக் கட்ட அரை நாள் போய்விடும். எங்கள் முதல் பயணத்தில் தினம் ஓர் ஊர் என்று போட்டு, நான்காம் நாள் இருட்டிய பிறகு, அழும் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு டென்ட் கட்டினோம். அந்தப் பூங்காவில் என்ன பார்த்தோம் என்பதே எனக்கு நினைவில்லை.

நான் போடும் கணக்கு இது. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் (சவுத் ரிம்) 2 இரவு, பிரைஸில் 3, கேப்பிடல் ரீஃபில் 2. அடுத்து சால்ட் லேக் சிட்டியில் ஓர் இரவு ஹோட்டல். துணி துவைக்க, எல்லோரும் நன்றாகக் குளிக்க. பிறகு கிராண்ட் டீட்டனில் 3, யெல்லோஸ்டோனில் 4. திரும்பும் வழி 900 மைலுக்கு மேல். அதற்கு வழியில் 2 இரவு. 17 சரியாகிவிட்டது.

ஸயானை விட்டுவிட்டேனே என்று நினைக்காதீர்கள். ஜூலையில் ஸயான் பள்ளத்தாக்கில் பகல் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்; டென்டுக்குள் குழந்தைகள் தூங்க மாட்டார்கள். பிரைஸ் 8,000 அடி உயரத்தில் இருப்பதால் இரவு குளிர்ச்சியாக இருக்கும். அங்கே தங்கிக்கொண்டு, ஒரு நாள் விடியற்காலையில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் ஸயான். அங்கே பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த காருக்கு அனுமதி இல்லை, ஷட்டில் பஸ்தான். மாமியாருக்கு அதுவே வசதி. ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் அதே வெயில்தான், அக்டோபருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளேசியர், யெல்லோஸ்டோனிலிருந்து இன்னும் ஒரு முழு நாள் ஓட்டம். அதுவும் ராக்கி மவுண்டனும் தனிப் பயணம்.

கேப்பிடல் ரீஃபைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் அது. அங்கே ஃப்ரூட்டா என்ற பகுதியில் பழைய குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்களைப் பூங்காத்துறை இன்னும் பராமரிக்கிறது. பழுத்திருக்கும் பருவத்தில் மரத்திலிருந்து பறித்து அங்கேயே தின்னலாம். வீட்டுக்கு எடுத்துப்போவதற்கு மட்டும்தான் காசு. டென்ட் போடும் இடமான கேம்ப் கிரவுண்ட் தோட்டங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. ஆனால் குளிக்க ஷவர் கிடையாது.

இடம் பிடிப்பதுதான் கஷ்டமான பகுதி. பெரும்பாலான கேம்ப் கிரவுண்டுகள் ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில், சரியாக ஆறு மாதம் முன்பு திறக்கும். ஜூலை 6-ஆம் தேதிக்கு இடம் வேண்டுமென்றால் ஜனவரி 6-ஆம் தேதி, உங்கள் ஊர் நேரம் காலை 8 மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல இடங்கள் சில நிமிடங்களில் போய்விடும். யெல்லோஸ்டோன் வேறு மாதிரி: மேடிசன், கேன்யன் போன்ற பெரிய கேம்ப் கிரவுண்டுகளை விடுதி நடத்தும் நிறுவனம்தான் முன்பதிவு செய்கிறது, அதுவும் ஓராண்டுக்கும் முன்பே. அதனால் இன்றைக்கே முதலில் அதைப் பாருங்கள். அந்தக் கேன்யன் கேம்ப் கிரவுண்டில் ஷவர் உண்டு. நிரம்பியிருந்தாலும் மனம் தளராதீர்கள், பலர் ரத்து செய்வார்கள், அடிக்கடி பாருங்கள்.

உங்கள் மகள் நான்காம் வகுப்பு என்பது பெரிய அதிர்ஷ்டம்! 'எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்' என்ற திட்டத்தில் அவளுக்கு இலவச பாஸ் கிடைக்கும். ஆகஸ்ட் 31 வரை செல்லும், காரில் இருக்கும் எல்லோருக்கும் நுழைவு இலவசம். தாளில் அச்சடித்து எடுத்துப்போங்கள். கேம்ப் கட்டணம் தனி. ஒவ்வொரு பூங்காவிலும் ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதை முடித்து, ரேஞ்சர் முன்னால் உறுதிமொழி சொல்லி பேட்ஜ் வாங்கும்போது உங்கள் மகன் முகத்தைப் பாருங்கள்.

சமையல். 8,000 அடியில் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும், பருப்பு எளிதில் வேகாது. வீட்டு பிரஷர் குக்கரை எடுத்துப்போங்கள். ஆனால் டீட்டனிலும் யெல்லோஸ்டோனிலும் கரடிகள் உண்டு. சாப்பாடு மட்டும் இல்லை. சாம்பார் பொடி, ஊறுகாய், பற்பசை, சோப்பு என்று வாசனை உள்ள எதையும் டென்டுக்குள் வைக்கக் கூடாது. கேம்ப் தளத்தில் இருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள், இல்லையென்றால் கார் கண்ணாடிகளை ஏற்றி உள்ளே வையுங்கள். கழுவாத குக்கருக்கும் இதே விதிதான். கரடி, ஓநாய், மலைச்சிங்கத்திடமிருந்து 100 கஜம், காட்டெருமை உட்பட மற்றவற்றிடமிருந்து 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும். வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் இடத்தில் பலகைப் பாதையை விட்டு மகன் ஓர் அடிகூட இறங்கக் கூடாது. கையைப் பிடித்தே நடங்கள்.

மாமியாருக்குத் தரையில் மெத்தை போடாதீர்கள், மடிப்புக் கட்டில் வாங்குங்கள். இரவில் எழுந்து கழிப்பறைக்கு நடக்க வேண்டியிருக்கும். கழிப்பறைக்குப் பக்கத்து இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், தலையில் மாட்டும் விளக்கு ஒன்று அவருக்கென்றே கொடுங்கள். யெல்லோஸ்டோனில் ஜூலை இரவிலும் உறைநிலைக்கு அருகே இறங்கும். ஃபீனிக்ஸ் வெயிலிலிருந்து போகிறீர்கள், கம்பளி சாக்ஸ் எடுக்கத் தோன்றாது. எடுங்கள்.

அப்புறம், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் காட்டில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். என்ன மறந்தோம், யாருக்கு எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஏதாவது சரியில்லை என்றால் இரண்டரை மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.