டக் டக் சத்தம் எந்தப் பல்லில்?

கேள்வி: ஐயா, நான் ஒரு ரசாயன ஆலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எங்கள் கூலிங் டவர் ஃபேன் ஓடும்போது 'டக்... டக்' என்று சத்தம் வருகிறது. வைப்ரேஷன் பார்க்க வந்தவர் 2.1 மி.மீ./வினாடி, நல்ல நிலை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மோட்டார் 1,480 ஆர்.பி.எம்., கியர் பாக்ஸ் பத்துக்கு ஒன்று. (ஒரு வாசகர், கடலூர்)

பதில்: தம்பி, முதலில் செல்போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டுப் பத்து வினாடிக்கு எத்தனை 'டக்' என்று எண்ணுங்கள். 24, 25 வந்தால், ஃபேன் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு அடி விழுகிறது என்று அர்த்தம். ஃபேன் நிமிஷத்துக்கு 148 சுற்று, ஒரு சுற்றுக்கு 405 மில்லி வினாடி. கோளாறு மோட்டார் பக்கத்து ஷாஃப்டில் இருந்தால் 40 மில்லி வினாடிக்கு ஒரு அடி. அதைக் காதால் எண்ணவே முடியாது, 'கடகட' என்று ஒரே இழுப்பாகத்தான் கேட்கும்.

வந்தவரைத் திட்டாதீர்கள், அவர் பொய் எழுதவில்லை. கியர் பாக்ஸ் ஃபேனுக்கு அடியில், ஈரக்காற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது அங்கே யாரால் போக முடியும்? வெளியே இருக்கும் மோட்டாரில் சென்சாரை மேக்னட்டால் ஒட்டி அளந்திருப்பார். அது போக, வழக்கமான அளவீடு 10 ஹெர்ட்ஸிலிருந்துதான் (வினாடிக்கு 10 அதிர்வு) ஆரம்பிக்கும். உங்கள் ஃபேனின் வேகம் 2.47 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளில் முதல் சிலவும் கணக்கிலேயே வராது.

ஸ்பெக்ட்ரமில், அதாவது அதிர்வை ஹெர்ட்ஸ் வாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தில், இன்னொரு வம்பு. ஒரு சுற்றுக்கு ஒரு முறை பளீரென்று விழும் அடியை அது டஜன் கணக்கான மடங்குகளாகப் பிரித்துவிடும். ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றி ஊர்ப்பட்ட பேர் பையில் போட்ட மாதிரி. எந்தப் பையைத் தடவினாலும் பெரிதாக ஒன்றும் சிக்காது. டைம் வேவ்ஃபார்மில், அதாவது அதிர்வு நொடிக்கு நொடி ஏறி இறங்குவதை அப்படியே காட்டும் படத்தில், அந்த நோட்டு முழுசாகக் கிடைக்கும்.

நானும் சூடுபட்டவன்தான். 1997-ல் ஒரு பேப்பர் மில்லில் இதே மாதிரி சத்தம். ஸ்பெக்ட்ரமைப் பார்த்துவிட்டு "பேரிங்தான்" என்று அடித்துச் சொன்னேன். இரண்டு ஷிஃப்ட் உட்கார்ந்து பேரிங்கை மாற்றி ஓட்டினால், அதே டக்! பெட்டியைத் திறந்து பெரிய கியரைக் கையால் உருட்டிப் பார்த்தபோது ஒரு பல்லின் முனையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில்லு போயிருந்தது. ஃபோர்மேன் ஒன்றும் பேசவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஃபேனை நிறுத்தி, மின்சாரத்தைப் பூட்டி, காற்றில் இறக்கை தானாகச் சுற்றாதபடி கட்டிவிட்டு, கியர் பாக்ஸ் மேல் ஒரு சென்சாரை நிரந்தரமாகப் பொருத்தி கேபிளை வெளியே இழுத்துவிடுங்கள். அதிர்வை முடுக்கத்தில் அளக்கச் சொல்லுங்கள், வேகத்தில் (மி.மீ./வினாடி) வேண்டாம். கருவியில் மேல் எல்லை 2,000 ஹெர்ட்ஸ், அதைப் பிரிக்கும் கோடுகள் 6,400 லைன் என்று வைத்தால் 3.2 வினாடிப் பதிவு கிடைக்கும், அதாவது கிட்டத்தட்ட எட்டுச் சுற்று. ஆவரேஜ் போட வேண்டாம், ஒரே ஒரு பதிவு போதும்.

திரையில் புல்வெளி மாதிரி ஒரு இரைச்சல் தெரியும். அதன் நடுவே சம இடைவெளியில் பனைமரம் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். மரத்துக்கு மரம் கர்சரை வைத்தால் 405 வரவேண்டும். ஒவ்வொரு அடியும் மணி அடித்து ஓய்வது போலச் சடாரென்று ஏறி, அதிர்ந்து அடங்கும். இடைவெளி எந்த ஷாஃப்டின் சுற்றுக்கும் சரியாகப் பொருந்தாமல் ஒரு சுற்றில் பல அடிகள் விழுந்தால் அப்போது பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

405 வந்தது என்றதும் 'பல் போச்சு' என்று ஓடாதீர்கள். ஒரு இறக்கை நுனி சுற்றுச்சுவரில் உரசினாலும் அதே கணக்குதான் வரும். இறக்கைகளைக் கையால் சுற்றி, நுனிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் கியர் எண்ணெயை வடித்து அதில் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். எஃகுச் சில்லு ஒட்டி வந்தால் பெட்டியைத் திறந்துவிடலாம்.

கேள்வி: 2,980 ஆர்.பி.எம். பம்ப் மோட்டார் 'ஊம்... ஊம்' என்று ஏறி இறங்கிப் பாடுகிறது. பேரிங் போய்விட்டதா? (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: அம்மா, ஏறி இறங்க ஒன்றரை வினாடி ஆகிறதா? அப்படியானால் அது இரண்டு அதிர்வுகள் சேர்ந்து பாடும் பாட்டு. மோட்டார் வேகத்தின் இரண்டு மடங்கு 99.33 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரண்டு மடங்கு 100. வித்தியாசம் 0.67, அதுதான் அந்த ஒன்றரை வினாடி. பத்து வினாடி வேவ்ஃபார்ம் எடுத்தால் மணிமாலை கோத்த மாதிரி உப்பி உப்பித் தெரியும். சுவிட்சை அணைத்துப் பாருங்கள். அந்த நொடியே ஏற்ற இறக்கம் நின்றுவிட்டால் பேரிங்கில் கை வைக்காதீர்கள். மோட்டாரின் நான்கு கால்களும் தரையில் சமமாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.