பழைய காரின் கியர்பாக்ஸுக்கு உதிரிபாகம் தேடுகிறீர்களா? கேளுங்கள்

கேள்வி: 1967 மாடல் கார், நாலு கியர் மன்சி பெட்டி (அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த கியர்பாக்ஸ்). "67-க்கான முழு கிட்" என்று ஒன்று விற்கிறார்கள். வாங்கிவிடலாமா சார்?

பதில்: பெட்டியைப் பிரிக்காமல் ஒரு சீல்கூட வாங்காதீர்கள். கார் 67 என்பதால் உள்ளே இருக்கும் பெட்டியும் 67 என்று நம்ப முடியாது. இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியிருக்கலாம், இரண்டு பெட்டியைச் சேர்த்து ஒன்றாக்கியும் இருக்கலாம். மன்சி 1963 முதல் 1974 வரை வந்தது, நடுவில் நிறைய மாறியது. லே ஷாஃப்ட் (கீழே உள்ள துணைக் கியர் தண்டு) சுழலும் பின், அதாவது அச்சுக்கம்பி, 1965 வரை முக்கால் அங்குலத்துக்கும் சற்றுத் தடிமன், அதாவது 7/8 அங்குலம். 1966-இலிருந்து 1 அங்குலம். மன்சியிலேயே எம்20 என்ற வகையின் முதல் கியர் விகிதம் 2.56 ஆக இருந்து 2.52 ஆனது. என்ஜின் பக்கமிருந்து சுழற்சி வாங்கும் இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (தண்டின் நீளவாக்குப் பற்கள்) முதலில் 10, பிறகு வந்தவற்றில் 26. ஆகவே பின்னின் விட்டத்தை அளந்து, கியர் பல்லையும் ஸ்ப்ளைனையும் எண்ணி எழுதிக்கொண்டு, அப்புறம் விற்பவரிடம் பேசுங்கள்.

இன்னொன்று. கியர்பாக்ஸின் வெளிக்கூட்டின்மேல் புடைப்பாக இருப்பது வார்ப்பு எண். அது பாகத்தின் எண் அல்ல. ஒரே வார்ப்பை வேறு வேறு விதமாகக் கடைந்து வேறு வேறு பெட்டிகளுக்குப் போட்டிருப்பார்கள். எண் ஒத்துப்போகிறது என்று மட்டும் நம்பி வாங்கினால், லே ஷாஃப்ட் பின் போகும் துளையின் அளவு சேராமல் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: என் காரின் கம்பெனியே இப்போது இல்லை. பேரிங் எங்கே தேடுவது?

பதில்: கார் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், பேரிங்கின் எண்ணைச் சொல்லித் தேடுங்கள். கியர்பாக்ஸ் செய்தவர்களும் பெரும்பாலும் பொது அளவு பேரிங்தான் போட்டார்கள். வளையத்தைத் துடைத்துப் பார்த்தால் எண் தெரியும். உதாரணம் 6207: கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள்விட்டம் 35 மி.மீ. வெளிவிட்டம் 72, அகலம் 17. பழைய பட்டியல்களில் இதே அளவு 207 என்று இருக்கும். எண்ணே அழிந்துபோயிருந்தால் இந்த மூன்று அளவையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு எந்தப் பேரிங் கடைக்கும் போகலாம்.

ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். என்ஆர் என்றால் வெளிவளையத்தில் பள்ளமும் அதில் ஸ்னாப் ரிங்கும் உண்டு. அது இல்லாத பேரிங் கூட்டுக்குள் உள்ளே போய்விடும், நிற்காது. சி3 என்றால் உள் இடைவெளி வழக்கத்தைவிட அதிகம். பழையதில் அது இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். பழைய பேரிங்கின் பக்கவாட்டில் குண்டுகளை நுழைக்க ஒரு வெட்டு இருந்தால், அது அதிகக் குண்டு போட்ட வகை. அதற்குப் பதில் சாதாரண வகை போடலாமா என்பதை ரிப்பேர் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பிரிக்காத பழைய கம்பெனி அட்டைப்பெட்டியில் சீல், சிங்க்ரோ ரிங் (கியர் மாற்றும்போது வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை வளையம்) கிடைத்திருக்கிறது. ஒரிஜினல்தானே, நல்லதுதானே?

பதில்: சிங்க்ரோ ரிங் நல்லது, சீலைத் தூக்கிப் போடுங்கள். ரப்பர் அலமாரியில் இருந்தபடியே இறுகிவிடும். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஒத்த புதுச் சீல் போதும். இந்த விஷயத்தில் ஒரிஜினல் பித்துக்கு அர்த்தமே இல்லை.

கேள்வி: புதிதாகச் செய்து விற்கும் சிங்க்ரோ ரிங்கின் தரத்தை எப்படிப் பார்ப்பது அண்ணா?

பதில்: அந்தக் கியரின் கூம்பையே எடுத்துக்கொண்டு பாருங்கள். ரிங்கைக் கூம்பின்மேல் வைத்துக் கையால் அழுத்தித் திருகினால் கவ்வ வேண்டும். வழுக்கினாலோ ஆடினாலோ சரிவு ஒத்துப்போகவில்லை. அடுத்து, ரிங்குக்கும் கியரின் நாய்ப்பல்லுக்கும் (கூம்பை ஒட்டியுள்ள சின்னக் கூர்ப்பற்கள்) இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுச் சுற்றிலும் நாலு இடத்தில் அளந்து புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் இடைவெளி, மறுபக்கம் நெருக்கம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாய்ப்பல்லின் முனை மழுங்கியிருந்தால் தங்கத்தில் ரிங் போட்டாலும் கியர் கரகரக்கும்.

கேள்வி: மூன்றாவது கியரில் மட்டும் பல் போய்விட்டது. அது ஒன்றை மட்டும் மாற்றினால்?

பதில்: ஜோடியாக மாற்றுவதே நல்லது. அதோடு சேரும் பல் லே ஷாஃப்ட் கியர் தொகுப்பில் இருக்கிறது. அதுவும் தேய்ந்திருந்தால் புதுக் கியர் ஊளையிடும், சீக்கிரம் தேயும். இதனால்தான் ஒற்றைக் கியரைத் தேடி அலைவதைவிட அதே வகையில் இன்னொரு முழுப் பெட்டி வாங்குவது பல நேரம் லாபம். வாங்குமுன் ஆயில் வடிக்கும் ட்ரெயின் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். பொடிப்பொடியாகப் பித்தளை மினுங்கினால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது, அதை மாற்றிக்கொள்ளலாம். எஃகுத் துண்டு வந்தால் விட்டுவிடுங்கள். மேல்மூடி உள்ள பெட்டியானால் திறந்து, ரிவர்ஸ் கியரின் பல் ஓரத்தை முதலில் பாருங்கள். எல்லோரும் கரக் என்று தள்ளிப் போட்டிருப்பார்கள்.

கேள்வி: ஜிஎல்-5 தர கியர் ஆயில் புதுசு, உசத்தி என்கிறார்களே?

பதில்: பித்தளை சிங்க்ரோ உள்ள பெட்டிக்குப் புத்தகம் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4தான். ஜிஎல்-5 ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். சில வகைகள் சூட்டில் பித்தளையை அரிக்கும். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் கார் போன்ற சில கார்களின் பெட்டிக்கு என்ஜின் ஆயிலே சொல்லப்பட்டிருக்கிறது.

கேள்வி: பெட்டியைப் பொருத்தியாகிவிட்டது, ஸ்பீடோமீட்டர் மட்டும் தப்பாகக் காட்டுகிறது.

பதில்: வால்பகுதியில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் கியரைப் பாருங்கள். அதன் பல் எண்ணிக்கை பின் ஆக்ஸில் விகிதத்துக்கும் டயர் அளவுக்கும் ஏற்றது. வேறு காரின் பெட்டி வந்தால் அந்தக் காரின் கியரும் கூடவே வந்திருக்கும். உங்கள் பழையதைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். உள்ளே அதை ஓட்டும் கியரும் வேறாக இருந்தால், இரண்டின் பல்லையும் எண்ணி எழுதுங்கள், பார்ப்போம்.