பழைய ஷேடோ கோப்பு, புதிய இயங்குதளம்: கடவுச்சொல் இடமாற்றம் பற்றிய கேள்வி பதில்

லினக்ஸ், யூனிக்ஸ் சர்வர்களைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றும் நிர்வாகிகள், பயனர்களின் கடவுச்சொற்களை என்ன செய்வது என்று கேட்டிருந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் பழைய சர்வரில் கடவுச்சொற்கள் எம்டி5 முறையில் உள்ளன. புதிய சர்வரில் ஷா-512 முறை இயல்பாக அமைந்திருக்கிறது. பழையவற்றை ஷா-512 ஆக மாற்றித் தரும் கருவி ஏதேனும் உண்டா?

பதில்: இல்லை, இருக்கவும் முடியாது. பயனர்களின் கடவுச்சொல் விவரங்களைச் சேமிக்கும் ஷேடோ கோப்பில் இருப்பது கடவுச்சொல் அன்று. அதிலிருந்து ஒருவழிக் கணக்கால் பெறப்பட்ட ஹாஷ். அதைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கும் சாவி எதுவும் கிடையாது. ஆகையால் அந்தக் கடவுச்சொல்லை அதன் உரிமையாளர் மீண்டும் தட்டச்சு செய்யும்போதுதான் புதிய முறையில் ஒரு ஹாஷ் உருவாக முடியும்.

ஆனால் உங்களுக்கு அப்படியொரு கருவி தேவையும் இல்லை. ஒவ்வொரு ஹாஷும் தான் எந்த முறையில் ஆனது என்பதைத் தன் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. $1$ என்று தொடங்கினால் அது ஃப்ரீபிஎஸ்டிக்காகப் பால்-ஹென்னிங் காம்ப் எழுதிய எம்டி5 முறை. $5$, $6$ என்பவை உல்ரிச் டிரெப்பர் 2007இல் வகுத்த ஷா-256, ஷா-512 முறைகள். டாலர் குறியே இல்லாமல் 13 எழுத்துகள் மட்டும் இருந்தால் அது 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் டெஸ் முறை. பயனர் உள்நுழையும்போது, ஹாஷைக் கணக்கிடும் கிரிப்ட் செயற்கூறு அந்தத் தலைப்பையும், அதையடுத்து வரும் சால்ட் என்ற தற்செயல் எழுத்துகளையும் படித்து, அதே முறையில் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. புதிய சர்வரின் இயல்பு அமைப்பு, இனிமேல் வைக்கப்படும் கடவுச்சொற்களுக்கு மட்டுமே பொருந்தும். எனவே உங்கள் எம்டி5 வரிகளை அப்படியே கொண்டுபோகலாம். பயனர்கள் பழைய கடவுச்சொல்லுடனே உள்நுழைவார்கள்.

கேள்வி: பழைய ஹாஷையே மூலமாக வைத்து அதன்மேல் புதிய ஹாஷ் ஒன்றைப் போட்டால் என்ன? இணையதளங்கள் அப்படிச் செய்வதாகப் படித்திருக்கிறேன்.

பதில்: சரிபார்க்கும் நிரல் தங்கள் கையில் இருப்பதால் இணையதளங்களால் அப்படிச் செய்ய முடிகிறது. இயங்குதளத்தில் உள்நுழைவைச் சரிபார்க்கும் பேம் அடுக்கு, பயனர் தட்டச்சு செய்ததை நேராகக் கிரிப்ட்டிடம் கொடுத்துவிடுகிறது. இடையில் பழைய கணக்கைப் போட வேண்டுமானால் நீங்களே ஒரு பேம் தொகுதியை எழுதிப் பராமரிக்க வேண்டும். உள்நுழைவு போன்ற இடத்தில் அந்தச் சுமையை ஏற்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கேள்வி: அப்படியானால் ஷேடோ கோப்பை முழுதாகப் பிரதி எடுத்துப் புதிய சர்வரில் வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கோப்பில் மனிதர்களோடு, டீமன்கள் எனப்படும் பின்னணிச் சேவைகளுக்கான கணினிக் கணக்குகளும் உள்ளன. புதிய பதிப்பில் அவற்றின் பட்டியல் வேறாக இருக்கும். முழுக் கோப்பையும் மேலெழுதினால், புதிதாக வந்த சேவைகளின் கணக்குகள் காணாமற்போகும். மனிதப் பயனர்களின் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, பாஸ்வேர்டு, ஷேடோ, குரூப், ஜி-ஷேடோ ஆகிய நான்கு கோப்புகளிலும் பொருத்தமாகச் சேர்க்க வேண்டும்.

இங்கே பலர் சறுக்குவது பயனர் எண்ணில். ரெட் ஹேட் 6ஆம் பதிப்பு வரை சாதாரணப் பயனர்களின் எண்கள் 500இல் தொடங்கின. 7ஆம் பதிப்பிலிருந்து 1000இல் தொடங்குகின்றன. கோப்புகளின் உரிமை எண்ணால்தான் பதிவாகிறது, பெயரால் அன்று. ஆகவே வீட்டு அடைவுகளையும் கொண்டுபோகிறீர்கள் என்றால் பழைய எண்களையே வைத்துக்கொள்ளுங்கள். அல்லது மாற்றும் அன்றே எல்லாக் கோப்புகளின் உரிமையையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய எண்களை வைத்துக்கொள்வதானால், ரெட் ஹேட் 7இன் பேம் அமைப்பில் 1000க்குக் குறைந்த எண்களை மறுக்கும் வரி ஒன்று உண்டு என்பதையும் கவனியுங்கள். ஷேடோ கோப்பில் உள்ள பயனர்கள் அதற்கு முன்பே தேறிவிடுவார்கள். எல்டாப் என்ற மையப் பயனர் அடைவு வழியாக வருகிறவர்கள் அங்கே தடுக்கப்படுவார்கள்.

இன்னொன்று, ஷேடோ வரியின் மூன்றாம் புலம் கடவுச்சொல் கடைசியாக மாற்றப்பட்ட நாள். 1970 ஜனவரி 1 முதல் கணக்கிட்ட நாள்களின் எண்ணிக்கை. சிஎச்பாஸ்வேர்டு கட்டளையை ஆயத்த ஹாஷ்களை ஏற்கும் தேர்வுடன் இயக்கினால் ஹாஷ் சரியாகவே போய்ச் சேரும். ஆனால் இந்த நாள் இன்றைய நாளாகிவிடும். பல ஆண்டுகள் பழைய கடவுச்சொல் புதியதாகத் தோற்றமளித்து, காலாவதி விதியிலிருந்து தப்பிவிடும். வரியை முழுதாகக் கொண்டுபோவதே சரி. எஸ்இ-லினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இயங்கும் சர்வரில் கோப்பை மாற்றி வைத்தபின் ரீஸ்டோர்கான் கட்டளையால் அதன் முத்திரையைச் சரிசெய்யவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்களிடம் டெபியன் 10, டெபியன் 11 இரண்டும் ஓடுகின்றன, ஷேடோ வரிகளை இரண்டுக்கும் பொதுவாக வைத்திருந்தோம். புதிய சர்வரில் கடவுச்சொல்லை மாற்றியவர்களால் பழையதில் நுழைய முடியவில்லை. ஏன்?

பதில்: டெபியன் 11இல் இயல்பு முறை யெஸ்கிரிப்ட் என்ற புதிய ஹாஷ் முறை ஆகிவிட்டது. அதை அறிந்த லிப்எக்ஸ்கிரிப்ட் நூலகம் டெபியன் 10இல் இல்லை. அங்கே லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் பழைய கிரிப்ட்தான் உள்ளது. புரியாத தலைப்பைக் கண்டால் அது 'தவறான கடவுச்சொல்' என்றே சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பழைய ஹாஷ் புதிய சர்வரில் செல்லும், புதிய ஹாஷ் பழைய சர்வரில் செல்லாது என்பதே இந்த வேலையில் மறக்கக் கூடாத திசை.

பழைய சர்வர் சில காலம் தொடர வேண்டுமென்றால், டெபியன் 11இன் பேம் அடைவில் காமன்-பாஸ்வேர்டு கோப்பில் யெஸ்கிரிப்ட் என்ற சொல்லை ஷா512 என்று மாற்றுங்கள். ஏற்கெனவே யெஸ்கிரிப்ட்டுக்கு மாறியவர்கள் மட்டும் இன்னொரு முறை கடவுச்சொல் வைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பழைய சோலாரிஸ் சர்வரில் டெஸ் முறை. கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளுக்குப் பிறகு எதைத் தட்டினாலும் ஏற்கிறது. இதை லினக்ஸுக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: அந்த 13 எழுத்து வரிகள் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் செல்லும், எட்டு எழுத்து வரம்பும் அவற்றோடு கூடவே வரும். ஆனால் ஃபிப்ஸ் என்ற அமெரிக்க அரசுப் பாதுகாப்புத் தரநிலையில் இயங்கும் சர்வர்களில் ஜிலிப்சி டெஸ், எம்டி5 இரண்டையும் மறுத்துவிடும்.

உள்நுழையும் தருணத்தில் பயனர் தட்டியதைப் பிடித்துப் புதிய ஹாஷாகச் சேமிக்கும் நிரலை யாராவது பரிந்துரைத்தால், டெஸ் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல்லில் பத்தாம் எழுத்தை ஒருவர் அன்று தவறாகத் தட்டினால், டெஸ் அதை ஏற்றுக்கொள்ளும். நிரலோ அந்தப் பிழையோடு பன்னிரண்டு எழுத்துகளையும் புதிய ஹாஷாக்கிவிடும். மறுநாள் சரியாகத் தட்டுகிறவர் வெளியே நிற்பார். டெஸ் பயனர்களைக் கடவுச்சொல் மாற்றும் திரைக்கு அனுப்பி, இரண்டு முறை தட்டச் செய்வதே பாதுகாப்பானது.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி, ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் ஆகிய யூனிக்ஸ் வகைகளிலிருந்து வரும் ஹாஷ்கள் லினக்ஸில் செல்லுமா?

பதில்: டாலர், 2 என்று தொடங்கும் பிகிரிப்ட் ஹாஷ்கள் சென்ட்ஓஎஸ் 7இல் செல்லா, லிப்எக்ஸ்கிரிப்ட் உள்ள ரெட் ஹேட் 8 போன்றவற்றில் செல்லும். ஏஐஎக்ஸில் நெளிவு அடைப்புக்குறிக்குள் முறையின் பெயரோடு தொடங்கும் வரிகளை லினக்ஸ் படிக்காது. அந்தப் பயனர்களுக்குப் புதிய கடவுச்சொல்தான் வழி.

கேள்வி: விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் சாம்பாவுக்கும் இதே ஹாஷைப் பயன்படுத்தலாமா? பயனர்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஃப்ரீஐபிஏவுக்கு மாறினால்?

பதில்: சாம்பாவுக்கு எம்டி4 அடிப்படையிலான, சால்ட் இல்லாத விண்டோஸ் ஹாஷ் வேண்டும். அதை ஷேடோ வரியிலிருந்து உருவாக்க முடியாது. பழைய சாம்பாவின் தரவுத்தளக் கோப்பைத் தனியாகக் கொண்டுபோக வேண்டும். ஃப்ரீஐபிஏவிலும், அது பயனரை அடையாளம் காணப் பயன்படுத்தும் கெர்பெரோஸ் முறையின் சாவியை ஹாஷிலிருந்து பெற முடியாது. ஆனால் அங்கே இடமாற்ற நிலை என்று ஒன்று உண்டு: பழைய எல்டாப் ஹாஷ்களை அப்படியே ஏற்றுக்கொண்டு, சர்வரில் உள்நுழைவைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி சேவை வழியாகவோ அதற்கென உள்ள இணையப் பக்கம் வழியாகவோ பயனர் முதன்முறை கடவுச்சொல்லைத் தரும்போது சாவியை உருவாக்கிக்கொள்ளும்.

கேள்வி: பழைய ஹாஷ்களை எத்தனை நாள் விட்டுவைக்கலாம்? அனைவரையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லலாமா?

பதில்: விட்டுவைக்கவே கூடாது என்பேன். எம்டி5 முறை இனிப் பாதுகாப்பானதன்று என்று 2012இல் அதை எழுதியவரே அறிவித்துவிட்டார். ஆனால் சிஎச்ஏஜ் கட்டளையால் எல்லோருடைய மாற்ற நாளையும் பூச்சியமாக்கி, அடுத்த உள்நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்றக் கட்டாயப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் சாவியால் மட்டும் நுழையும் கணக்குகளும், இரவில் கோப்பு அனுப்பும் தானியங்கிக் கணக்குகளும், குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் பணிகளும் அந்தக் கட்டாயத்தில் நின்றுபோகும். கடவுச்சொல்லை மாற்ற அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. முதலில் $1$ என்றோ டாலர் இல்லாமலோ தொடங்கும் வரிகளைப் பட்டியலிட்டு, மனிதர்களைத் தனியாகவும் தானியங்கிகளைத் தனியாகவும் பிரியுங்கள். மனிதர்களுக்குத் துறைவாரியாகக் கெடு வையுங்கள். கெடு கடந்தவற்றைப் பூட்டுங்கள். தானியங்கிகளுக்குப் பெரும்பாலும் கடவுச்சொல்லே தேவையில்லை.

கேள்வி: மாற்றம் சரியாக நடந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: ரூட் கணக்கிலிருந்து எஸ்யூ கட்டளையால் வேறு பயனராக மாறிப் பார்ப்பது சோதனை ஆகாது, ரூட்டிடம் கடவுச்சொல் கேட்கப்படுவதே இல்லை. பழைய சர்வரில் ஒவ்வொரு ஹாஷ் முறைக்கும் ஒரு சோதனைப் பயனரை உருவாக்கி, அவற்றையும் மற்றவற்றோடு சேர்த்துக் கொண்டுபோய், வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் மூலம் கடவுச்சொல்லைத் தட்டி நுழைந்து பாருங்கள். சரியான கடவுச்சொல்லுடன் நுழைய முடிவதையும், தவறானது மறுக்கப்படுவதையும் இரண்டையுமே பாருங்கள். அதுவரை ரூட்டாகத் திறந்துள்ள கன்சோல் ஒன்றை மூடாமல் வைத்திருங்கள். எல்லாம் முடிந்ததும் சோதனைப் பயனர்களையும், இடைவழியில் எங்கெங்கோ விட்டுவைத்த ஷேடோ பிரதிகளையும் அழித்துவிடுங்கள்.