1918-ல் "இர்வின்" கப்பலா?

உங்கள் தாத்தா 1918-ல் இலங்கைக்குப் போன "இர்வின்" கப்பல் என்று ஒரு படத்தைக் காட்டிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கப்பலுக்கு 1918 தவறு. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல்களை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. 1914-ல் தொடங்கியபோது அதனிடம் இருந்தவை கர்சன், எல்ஜின், ஹார்டிங். மூன்றுமே வைஸ்ராய்களின் பெயர். இர்வின் பிரபு வைஸ்ராயாக வந்ததே 1926-ல்தான். அதற்கு முன் அந்தப் பெயரில் இங்கே கப்பல் இருக்க வழியில்லை.

உங்கள் தாத்தா பலமுறை போய்வந்திருப்பார். முதல் பயணத்தின் வருஷமும் கடைசிப் பயணத்தின் கப்பலும் குடும்பப் பேச்சில் ஒன்றாகிவிட்டிருக்கும். பெரும்பாலும் இப்படித்தான் குழம்பும்.

படத்தில் கப்பலின் முன்முனையிலோ பின்புறத்திலோ பெயர் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். "கோஷன்" என்று இருந்தாலும் பிந்திய காலம்தான். கப்பலுக்குப் பெயர் தந்த கோஷன் 1924 முதல் 1929 வரை சென்னை கவர்னர். தோட்டவேலைக்குப் போனவர் என்றால், மண்டபம் முகாம் (இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நிறுத்திச் சோதித்த இடம்) முத்திரையுள்ள பழைய காகிதம் ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா என்றும் தேடுங்கள். அதில் தேதி இருக்கும்.

ஒன்று மட்டும்: "போட் மெயிலில் (இலங்கைக் கப்பலைப் பிடிக்கச் சென்னையிலிருந்து போன ரயில்) போனார்" என்பதை வைத்துத் தனுஷ்கோடி என்று முடிவுகட்டாதீர்கள். 1914-க்கு முன் அந்த ரயில் தூத்துக்குடிக்குப் போனது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். அந்தக் கப்பல்கள் ரயில்வேயுடையவை அல்ல.