ஒளித்து வைக்கப்பட்டவர்களை எப்படி எண்ணுவது?

கேள்வி: உலகில் 5 கோடிப் பேர் ஆட்கடத்தலில் சிக்கியிருப்பதாகப் படித்தேன். யார் எண்ணினார்கள்?

பதில்: யாரும் எண்ணவில்லை. பல நாடுகளின் மாதிரிக் கணக்கெடுப்புகளை முதன்மையாக வைத்து, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீடு அது. 2021 நிலவரப்படி கட்டாய உழைப்பில் 2.76 கோடி, கட்டாயத் திருமணத்தில் 2.2 கோடி. ‘நவீன அடிமைத்தனம்’ என்றுதான் அறிக்கை சொல்கிறது. அதை ஆட்கடத்தல் ஆக்கியது தலைப்பு எழுதியவரின் கைங்கரியம்.

கேள்வி: காவல்துறைப் பதிவுகள் போதாதா?

பதில்: போதாது. 2018இல் 148 நாடுகள் சேர்ந்து ஐ.நா.வுக்குக் காட்டிய கணக்கு சுமார் 50,000 பேர்தான். தேடும் நாட்டில் எண்ணிக்கை ஏறும்; கண்ணை மூடிக்கொள்ளும் நாடு சுத்தமாகத் தெரியும்.

கேள்வி: பதிவில் இல்லாதவர்களை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: குளத்து மீனை எண்ணும் உபாயம்தான். 100 மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு விடுகிறோம். மறுநாள் 80 பிடித்தால் 20இல் அடையாளம் இருக்கிறது. அதாவது நான்கில் ஒன்று. அப்படியானால் குளத்தில் சுமார் 400 மீன்கள். இங்கே வலைகளுக்குப் பதில் பட்டியல்கள்: காவல்துறை, தொண்டு நிறுவனங்கள், உள்ளாட்சி அமைப்புகள். ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியலில் வருபவரே அடையாளமிட்ட மீன். பிரிட்டனில் 2013இல் பட்டியல்களில் இருந்தவர்கள் 2,744. அவற்றை ஒப்பிட்டுப் புள்ளியியலாளர் பெர்னார்ட் சில்வர்மன் 2014இல் சொன்ன மதிப்பீடு 10,000 முதல் 13,000 வரை.

ஆனால் ஒரே பெண்ணின் பெயர் இரு பட்டியல்களில் இரு எழுத்துக்கூட்டலில் இருந்தால், கணினி அவளை இருவராக்கிவிடும். 20 பொருத்தங்களில் 10 இப்படித் தவறினால் 400 என்பது 800 ஆகிவிடும்! காவல்துறையே மீட்டவர்களைக் காப்பகத்துக்கு அனுப்பினாலோ நேர்மாறு: பொருத்தங்கள் பெருகி மதிப்பீடு சுருங்கும். எனவே பட்டியல்கள் எப்படிச் சேர்ந்தன என்று சொல்லாத எந்த எண்ணையும் நான் ஏற்பதில்லை.

கேள்வி: திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவர்களும் இந்தக் கணக்கில் வருவார்களா?

பதில்: அந்த ஒரு காரணத்துக்காக வரமாட்டார்கள். ஆட்கடத்தல் எது என்று வரையறுக்கும் ஐ.நா. ஒப்பந்தமான 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறை கேட்பது சுரண்டும் நோக்கத்தை. எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

கேள்வி: ‘ஆண்டுக்கு 8 லட்சம் பேர் எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறார்கள்’ என்பது?

பதில்: பழைய அமெரிக்க மதிப்பீட்டின் மேல் எல்லை, கீழ் எல்லை 6 லட்சம். 2006இல் அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் தோண்டிப் பார்த்தபோது, அதைத் தயாரித்தவர் ஒரே ஒருவர் என்றும், தன் வேலை முழுவதையும் அவர் எழுதி வைக்கவில்லை என்றும் தெரிந்தது.